ஆற்றங்கரையில் குடியிருக்க: குமரி–கேரள எல்லைக்கான முழுமையான வழிகாட்டி

தேங்காப்பட்டணத்துக்கும் பூவாற்றுக்கும் இடையில், கடலுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். இந்தப் பக்கம் குழித்துறைத் தாமிரபரணி, அந்தப் பக்கம் நெய்யாறு. இடையே திருவிதாங்கூர் காலத்தில், 1860 வாக்கில் வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயின் மிச்சம். இவை போகக் குளங்கள், சானல்கள், ஏலாவை (வயல்வெளியை) ஒட்டிய ஓடைகள். வளைகுடாவிலோ சென்னையிலோ பல காலம் இருந்துவிட்டு, ஆற்றோரம் பத்து சென்ட் வாங்கி வீடு வைக்க வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்கள் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான்.

கேட்பதில் தவறில்லை, ஆனால் வரிசை அதுவல்ல. முதலில் தண்ணீர், அடுத்து குப்பை, அதற்குப் பிறகுதான் பாம்பும் மற்ற உயிர்களும். இந்த வரிசையில் வேலை செய்தால் மூன்றாவது வேலை பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான விஷயங்களையே கீழே சொல்கிறேன். மாறுகிற இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதல் படி: நிலத்தை மழையில் பாருங்கள்

மாசி, பங்குனியில் பார்த்து முன்பணம் கொடுத்த நிலம் ஐப்பசியில் வேறு நிலமாக இருக்கும். இங்கே ஆண்டுக்கு இரண்டு மழை: ஜூனில் தொடங்கும் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழையும். இரண்டில் ஒன்றையாவது அந்த நிலத்தில் நின்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளம் வந்து வடிந்த இடத்தில் சுவரில் வண்டல் கோடு ஒன்று நிற்கும். சுண்ணாம்பு அடித்திருந்தாலும் ஓரத்தில் தெரியும். அங்கே வயதான ஒரு பாட்டியிடம், "வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். "வந்ததா?" என்று கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும். எந்தப் படி என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். 2021 நவம்பர் மழை எல்லோருக்கும் நினைவிருக்கும், அதை வைத்தே கேட்கலாம். வீட்டுத் தரைமட்டம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

ஆவணத்தில் இரண்டு விஷயம். ஒன்று, புலப்படத்தில் ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்பது. ஆறு கரையைத் தின்று நகர்ந்திருந்தால் பட்டா நிலமே தண்ணீருக்குள் இருக்கலாம். இரண்டு, கடற்கரை ஒழுங்காற்று விதி. இது கடலோரத்துக்கு மட்டும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஓதம், அதாவது கடலின் ஏற்றநீர், ஏறும் ஆற்றுக்கும் காயலுக்கும் (உப்பங்கழிக்கும்) இது பொருந்தும். கோடையில் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை ஓதம் ஏறுவதாகக் கணக்கு. 2019 அறிவிக்கைப்படி கிராமப் பகுதிகளில் அந்தக் கரையோரம் 50 மீட்டர் அல்லது நீர்ப்பரப்பின் அகலம், இதில் எது குறைவோ அதற்குள் புதிதாகக் கட்ட முடியாது. கடைசி முடிவு மாநிலத்தின் கடற்கரை மண்டல வரைபடத்தில் இருக்கிறது. விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்பாமல் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: கரையைக் கட்டாதீர்கள், நட்டு வையுங்கள்

ஆற்றோரம் இடம் வாங்கியதும் கருங்கல் சுவர் எழுப்பத் தோன்றும். தனி வீட்டுக்காரர் தன் எல்லைக்கு மட்டும் சுவர் வைத்தால், வெள்ளம் சுவரின் இரு முனைகளிலும் அடுத்தவர் கரையை அரிக்கும். பிறகு சுவரின் பின்பக்கம் புகுந்து அடிமண்ணை உருவும். சில மழைக்காலங்களுக்குள் சுவர் ஆற்றுக்குள் சாய்ந்துவிடும்.

பழைய ஆட்கள் கரையில் கைதை வைத்திருந்தார்கள். தாழை என்று புத்தகத்தில் படிப்போமே, அதுதான். ஊன்றுவேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும், உப்பைத் தாங்கும், வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும். அதைப் பாம்புப் புதர் என்று வெட்டி எறிந்த இடங்களில்தான் கரை அதிகம் போயிருக்கிறது. நீர்மட்டத்தை ஒட்டிக் கைதை, அதற்கு மேல் வெட்டிவேர், கரையின் தலைப்பில் புன்னை, பூவரசு, புங்கை என்று மூன்று அடுக்காக நடுங்கள். உப்பேறாத மேல்பகுதியில் நீர்மருதும் மூங்கிலும் நன்றாக நிற்கும். தென்னையை மட்டும் கரைவிளிம்பில் வைக்க வேண்டாம். அதன் வேர் அகலமாகப் பிடிக்காது, மண்ணோடு சேர்ந்து சாயும். நட்டவை வேர்விடும் வரை சரிவில் கயிற்று வலையைப் பரப்பி முளையடித்து வையுங்கள். கதம்பை (தேங்காய் மட்டை) நார் வலை சில ஆண்டில் மக்கிவிடும், அதற்குள் வேர் பிடித்திருக்கும்.

கைதைப் புதர் வீட்டிலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். இடையில் உள்ள முற்றம் புல் வெட்டிய வெறுந்தரையாக இருக்கட்டும். புதரும் வேண்டும், இடைவெளியும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் சிக்கல்தான்.

மூன்றாம் படி: கிணறு

பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், அருகில் வீடு வைக்கிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கடலோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்தைவிட உங்கள் நிலத்தடி நன்னீர் ஓரடி உயர்ந்திருந்தால், அதன் அடியில் ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அந்த ஓரடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி மேலேறத் தொடங்கும். கிணறு ஒருநாள் திடீரென்று உப்பாகிவிட்டது என்று சொல்வார்களே, அது இப்படி நடப்பதுதான்.

ஆகவே காயலோரத்தில் ஆழ்துளைக் கிணறு வேண்டாம். ஆழம் குறைந்த, அகலமான உறைகிணறு போதும். சிறிய மோட்டாரை வைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். பங்குனி, சித்திரையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்ததும் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். அதைத் தடுக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அந்த மாதங்களில் தோட்டத்துக்கு இறைப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சேதாரம் போக 800 லிட்டர் தேறும். ஜல்லி, கரி, மணல் போட்ட ஒரு தொட்டி வழியாக அது இறங்கட்டும். செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருப்பது நல்லது. கடற்கரை மணலில் கழிவு வேகமாக ஊறிப் போகும்.

நான்காம் படி: வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் இரண்டு எண்களை மனதில் வைக்க வேண்டும்: பேச்சிப்பாறை அணையின் மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டினாலே வெள்ள எச்சரிக்கை வரும். மறுகால் திறந்தால் திற்பரப்பு வழியாகத் தண்ணீர் குழித்துறைக்கு வரும். அங்கே சப்பாத்துப் பாலம் மூழ்கிவிட்டதென்றால், கீழே மங்காடு, வைக்கல்லூர், பருத்திக்கடவு பக்கம் இருப்பவர்கள் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டும் நேரம் அது. தொழுவத்தில் மாட்டைக் கட்டிவைத்துவிட்டு ஆட்கள் மட்டும் வெளியேறுவதைப் பார்க்கப் பொறுக்காது. கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள், மாடு நீந்தும்.

பூவாற்றுப் பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொழியில் மணல் அடைத்திருந்தால், மழை கொஞ்சம் பெய்தாலே தண்ணீர் வெளியேறாமல் பின்னால் தேங்கும். மழை தொடங்கும் முன்பே பொழி திறந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. இரண்டு மாநிலத்திலும் இதே எண்கள்தான். எல்லையோரத்தில் செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போகக்கூடும். எடுத்ததும் மாவட்டப் பெயரைச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு முதல் வேலை கிணறு. கலங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, ஊறி வந்ததும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 5 கிராம். ஆறடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 8,000 லிட்டர். ஆக 40 கிராம். இதை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். குடிக்க அப்போதும் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

வீட்டுக்குள் நுழையும்போது கம்பால் தட்டிக்கொண்டு நுழையுங்கள். தண்ணீரில் அடித்து வந்த பாம்பு கட்டில் மேலும், பரணிலும், மடித்த துணிக்குள்ளும் ஏறியிருக்கும்.

ஐந்தாம் படி: எலியை நிறுத்துங்கள்

பாம்பு வருகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கோழித்தீவனத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். சாக்கில் வைத்திருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். தீவனம் மூடியுள்ள டிரம்மில் இருக்கட்டும். சிந்திய தீவனத்தை இருட்டும் முன் கூட்டி அள்ளுங்கள். நாய்க்கு வைத்த சோறு இரவு முழுக்க முற்றத்தில் கிடக்கக் கூடாது. விறகு, ஓலை, கதம்பை எதையும் சுவரோடு சேர்த்துக் குவிக்காமல், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை கட்டி அடுக்குங்கள்.

கோழிக்கழிவையும் மீன்கழிவையும் ஆற்றில் கொட்டும் வழக்கம் இருக்கிறதே, இந்தத் தண்ணீரை நம்பி வாழ்கிற ஒவ்வொரு உயிருக்கும் அது துரோகம். அதற்கு முதலில் தெருநாய் கூட்டம் கூடும், பின்னாலேயே நரியும் உடும்பும் வரும். பிறகு அந்த உடும்பையே குற்றம் சொல்லி அடிப்பார்கள். வீட்டுக் கழிவைத் தென்னந்தடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துச் சாம்பல் போட்டு மூடுங்கள். கடைக்காரர் கொட்டினால் ஊராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஆறாம் படி: பாம்பு

ஆற்றங்கரையில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது நீர்க்கோலியும் சாரையும். இரண்டுக்கும் விஷமில்லை. நஞ்சுள்ளவற்றில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் மருத்துவமனையில் உள்ள ஒரே எதிர்நஞ்சு வேலை செய்யும். மலையோர ரப்பர் தோட்டங்களில் உள்ள குழிவிரியனுக்கும், வலையில் சிக்கும் கடல்பாம்புக்கும் அந்த மருந்து பயன்படாது. ஆகவே இலைச்சருகில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், வலையிலிருந்து பாம்பைக் கையால் பிரிக்கவும் வேண்டாம்.

கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல ஒழுங்காக ஓடும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். கிட்டப் போனால் விரியன் பிரஷர் குக்கர் போல விடாமல் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் நின்று, பின்வாங்குங்கள்.

கட்டுவிரியன்தான் வீட்டுக்குள் ஆளைக் கொல்வது. நள்ளிரவில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமை தானாக மூடிக்கொள்ளுதல் என்று தொடங்கும். அஜீரணம் என்று வெந்நீர் குடித்துக் காத்திருந்த வீடுகளில் உயிர் போயிருக்கிறது. கட்டிலில் படுங்கள். கொசுவலையைக் கட்டி ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கம்பி வலை போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைக்காதீர்கள். பூண்டு, மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு டார்ச் வாங்குங்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால், ஆட்களை வெளியேற்றி, ஒருவர் மட்டும் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். தமிழ்நாட்டில் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். கேரளத்தில் வனத்துறையின் 'சர்ப்ப' செயலி 2020 முதல் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் யார் என்று அதில் தெரியும். அடிக்க வேண்டாம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கடிபட்டவர்களில் பலர் அடிக்கப் போய்க் கடிபட்டவர்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைப்பது எல்லாம் நேரத்தையும் உடம்பையும் கெடுக்கும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

எந்த மருத்துவமனை என்பதைக் கடிபடும் முன்பே முடிவு செய்து வையுங்கள். எதிர்நஞ்சும் செயற்கைச் சுவாசக் கருவியும் இரண்டும் உள்ள இடம் வேண்டும். இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். களியக்காவிளை, பாறசாலையில் இருப்பவர்கள் மாநிலம் பார்க்காமல், எது முதலில் போய்ச் சேரும் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

ஏழாம் படி: தண்ணீருக்குள் இருக்கும் நோய்

பாம்பைவிட எனக்கு அதிகக் கவலை எலிக்காய்ச்சல்தான். எலி, நாய், மாட்டின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். வயலிலோ வெள்ளத்திலோ நின்று ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம், "தண்ணீரில் நின்றேன்" என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையை மாற்றும். வெள்ளக் காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் டாக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பார்கள், அவர்கள் சொல்லும் அளவில் வாங்கிச் சாப்பிடுங்கள். ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அமீபா மூளைக்காய்ச்சல். 2024-ல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு இது வந்தது. சூடான, தேங்கிய நன்னீரில் இருக்கும் இந்த அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும், குடித்தால் வராது. கோடையில் பாசி பிடித்த குளத்தில் தலைகுப்புறக் குதிப்பதையும், அடிச்சேற்றைக் கலக்கி விளையாடுவதையும் பிள்ளைகளிடம் கண்டித்துச் சொல்லுங்கள். குளித்துச் சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் காத்திருக்க நேரமில்லை. நெய்யாறு அணைத் தேக்கத்தில் முதலைகளும் உண்டு, அங்கே இறங்கவே வேண்டாம்.

எட்டாம் படி: மச்சிலும் மரத்திலும் இருப்பவை

ஓட்டு வீட்டு மச்சில் இரவு ஓடுவது பெரும்பாலும் மரநாய். பகலில் அது தூங்கும்போது ஓட்டை அடைத்தால் உள்ளே மாட்டிச் சாகும், குட்டி இருந்தால் அதுவும் போகும். அந்தியில் அது வெளியே போனதைப் பார்த்த பிறகு அடையுங்கள், குட்டிச் சத்தம் கேட்டால் சில வாரம் பொறுங்கள். வவ்வால் கடித்துப் போட்ட கொய்யா, மாம்பழத்தைத் தின்ன வேண்டாம். அக்கானி (பதநீர்) இறக்குகிறவர்கள் கலயத்தின் வாயை மூடிக் கட்டுவது நல்லது. ஆப்பிரிக்க நத்தையைப் பிள்ளைகள் கையால் தொடக் கூடாது, மூளைச்சவ்வைப் பாதிக்கும் புழு அதில் இருக்கலாம். ஈரச்சாக்கில் பப்பாளி இலையும் முட்டைக்கோசும் வைத்தால் இரவில் வந்து சேரும். கையுறை போட்டு எடுத்து உப்புக்கரைசலில் போட்டுப் புதையுங்கள். மயில்துத்தம் கலந்த மருந்தை ஆற்றோரத்தில் தெளிக்காதீர்கள், மீன் சாகும்.

ஒன்பதாம் படி: பொழியிலும் கடற்கரையிலும்

ஆழம் குறைந்த கலங்கல் நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி இறங்கும், பிறகு மருத்துவமனை. பேத்தை மீனைச் சமைத்தாலும் நஞ்சு போகாது.

ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களிலும், முட்டை பொரியும் அடுத்த இரண்டு மாதங்களிலும் கடலைப் பார்த்த விளக்கை இரவில் அணைத்து வையுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து கடலுக்கு எதிர்த்திசையில் போய்விடும். கூடு கண்டால் மணலைத் தொடாமல், நாயை விரட்டிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். தாமதமானால் இடமாற்றம் கருவைக் கெடுக்கும் என்பதால், பார்த்த இரவே அழையுங்கள்.